தரை தொடாத கை

ஹெலிகாப்டரில் என்ஜின் நின்றுபோனால் டமால் என்று பெரிய சத்தம் கேட்கும் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இருந்த சத்தமும் போய்விடும், அவ்வளவுதான். ஆழியாறு அணைக்கு மேலே பறந்துகொண்டிருந்த கேப்டன் சுடர்க்கொடிக்கு, முதலில் தன் காதுதான் அடைத்துக்கொண்டது என்று தோன்றியது. அடுத்த கணம் இருக்கை அப்படியே கீழே நழுவ, அடிவயிறு தொண்டைக்கு ஏறியது.

"கேப்டன்! என்னாச்சு?" பின்னாலிருந்து நர்ஸ் ஷபானா கத்தினாள்.

சுடர்க்கொடி வாயைத் திறக்குமுன் வேறொரு குரல் பதில் சொன்னது. ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற அம்மாளின் குரல் போல, பதற்றமே இல்லாத குரல். "என்ஜின் செயலிழந்துவிட்டது. கட்டுப்பாட்டை நான் எடுத்துக்கொண்டேன். தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்."

அதுதான் கைத்தாங்கல். மலையிலிருந்து நோயாளிகளை இறக்கும் அந்தக் கம்பெனியின் எல்லா ஹெலிகாப்டர்களிலும் பொருத்தியிருந்த இயந்திர விமானி. நல்ல நாளில் வாயைத் திறக்காது. என்ஜின் போனால் மட்டும் விழித்துக்கொள்ளும். மனிதன் திகைத்து நிற்கிற அந்த ஒரு விநாடியில்தான் உயிர் போகிறது என்பதால், திகைக்கத் தெரியாத ஒன்றிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

நியாயமான ஏற்பாடுதான். என்ஜின் போனதும் ஹெலிகாப்டர் கல்லைப்போல விழுந்துவிடாது. இடது கைப்பக்கம் இருக்கிற லீவரை உடனே இறக்கிவிட்டால், கீழேயிருந்து எதிர்த்து வருகிற காற்றே மேலே உள்ள விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சியைக் கடைசிவரை சேமித்து வைத்திருந்து, தரை காலுக்கடியில் வந்தபிறகு லீவரை இழுத்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் செலவழிக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் செலவழிக்கலாம்.

சுடர்க்கொடியின் கைக்குள்ளேயே லீவர் தானாக இறங்கியது. கோடையில் வற்றிக் கிடந்த அணையின் படுகையைப் பார்த்து, காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பி, சறுக்கிக்கொண்டே இறங்கியது கைத்தாங்கல். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக அவளால் செய்திருக்க முடியாது. வெடித்த சேறும், அதன்மேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணாந்து பார்க்கிற ஓர் ஆளும் எல்லாம் பெரிதாகிக்கொண்டே வந்தன. மர உச்சி உயரத்தில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. வேகம் குறைந்தது. எல்லாம் சரி.

அப்போதுதான் அவள் உள்ளங்கைக்குள் லீவரின் பிடி மெதுவாகத் திரும்பியது.

அது த்ராட்டில். என்ஜினுக்கு விசை கொடுக்கிற பிடி. என்ஜினே செத்துக் கிடக்கிறது, யாருக்கு விசை கொடுக்கிறது இது? பிடி முழுக்கத் திறந்தது. லீவர் மேலே ஏறத் தொடங்கியது. தரைக்கு இன்னும் ஒரு மாடி உயரம் பாக்கி. சேமித்து வைத்ததையெல்லாம் இந்த உயரத்திலேயே கொட்டிவிட்டால், மிச்சத்துக்குக் கல்லாகத்தான் விழ வேண்டும்.

அவள் யோசித்தாள் என்று சொன்னால் பொய். வலது கை தானாகப் போய், கைத்தாங்கலைத் துண்டிக்கிற சிவப்புக் கைப்பிடியை இழுத்தது. கைத்தாங்கல் விலகிக்கொண்டது. ஏறிய லீவரைக் கீழே அமுக்கினாள். ஹெலிகாப்டர் தொபீரென்று இறங்கியது, ஷபானா அலறினாள், சேற்றின் வெடிப்புகள் கண்ணுக்கு நேரே வந்தன. அப்போது இழுத்தாள், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி.

ஹெலிகாப்டரின் ஒரு பக்கத்துக் கால் முறிந்தது. வால் ஒடிந்து தனியாகப் போனது. ஹெலிகாப்டர் சேற்றில் கொஞ்ச தூரம் இழுபட்டுக்கொண்டே போய், ஒருக்களித்துச் சாய்ந்து நின்றது.

ஸ்ட்ரெச்சரில் கட்டிப்போட்டிருந்த ராசப்பன்தான் முதலில் வாய் திறந்தார். வனக்காவலர். காலையில் யானை தூக்கி எறிந்து இடுப்பெலும்பு முறிந்தவர். "ஆனையே பரவால்ல அம்மிணி" என்றார், முனகலாக.

ஷபானா சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறிவிட்டது. அழுதுகொண்டே எழுந்து முன்னால் வந்து, லீவரைவிட்டு வராமல் இறுகிப்போயிருந்த சுடர்க்கொடியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் கழுத்துக்குப் பட்டை மாட்டிப் படுக்கவைத்த கொஞ்ச நேரத்திலேயே கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. பாதுகாப்புப் பிரிவு மேனேஜர்.

"மேடம், உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கேனுங்க."

"ரொம்ப சந்தோஷம். அது வந்து மேடம்... சிவப்புக் கைப்பிடியை ஏன் இழுத்தீங்க?"

கேட்டாரே ஒரு கேள்வி! மூன்று உயிர் பிழைத்து வந்திருக்கிறது, அதற்கு விளக்கம் வேண்டுமாம். ஆனால் கம்பெனிச் சட்டம் அப்படி. சிவப்புக் கைப்பிடியை இழுக்கிற விமானி, அதற்குப்பின் நடக்கிற அத்தனைக்கும் பொறுப்பு. லைசென்ஸ் அப்போதே நிறுத்திவைக்கப்படும். "கைத்தாங்கல் பஞ்சு மாதிரி இறக்கியிருக்கும் மேடம், கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துட்டோம்" என்றார் மேனேஜர். சுடர்க்கொடி போனைத் தலையணைக்கடியில் செருகிவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகவே சொன்னாள்.

சொல்லி முடிக்கையில் வாசலில் எபனேசர் நின்றுகொண்டிருந்தான். அவள் கணவன். நாகர்கோவில்காரன். ஒரு காலத்தில் அதே கம்பெனியின் தலைமை விமானி, மற்ற விமானிகளுக்குப் பரீட்சை வைத்துத் தேர்ச்சி போட்டவன். இப்போது தொடையில் கம்பியும் கையில் ஊன்றுகோலும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் டாப்சிலிப் காட்டுக்கு மேலே அவனுடைய என்ஜினும் இப்படித்தான் நின்றது. அதில் ஒரு நர்ஸும், நெஞ்சுவலி என்று ஏற்றி வந்த தபால்காரர் ஒருவரும் செத்துப்போனார்கள். எபனேசர் பிழைத்தான். ஆனால் தலையில் பட்ட அடியில் அந்தக் கடைசி நிமிடம் மட்டும் ஞாபகத்தில் இல்லாமல் போய்விட்டது. விசாரணையில் சொன்னார்கள்: கைத்தாங்கல் சரியாக இறக்கிக்கொண்டிருந்தது, விமானிதான் சிவப்புக் கைப்பிடியை இழுத்துக் கெடுத்தார். விமானியின் தவறு. எபனேசர் அதை ஏற்றுக்கொண்டான். வேறென்ன செய்வான், ஞாபகமே இல்லாதவன்? ஒருநாள் சண்டையில் சுடர்க்கொடியும் வாய்விட்டுவிட்டாள்: "நீ அதைத் தொடாம இருந்திருந்தா!" அந்தப் பேச்சுக்கப்புறம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது அவன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்தான்.

"சுடரு, ஒண்ணு கேக்கட்டா? எதுக்கு இழுத்த?"

"அது த்ராட்டிலைத் திறந்துச்சு எபி. மாடி உயரத்துல. செத்த என்ஜினைத் திறந்துட்டு, லீவரைத் தூக்கிட்டு, என்ஜின் வரும் வரும்னு காத்திருந்துச்சு."

பேயறைந்தவன்போல அவளையே பார்த்தான்.

"என்ஜினுக்கா காத்திருந்துச்சு?"

"ஆமா."

"அப்போ... அப்போ நான் இழுத்தது சரிதானா? அது தப்பு செஞ்சதப் பாத்துதான நான் இழுத்திருப்பேன்? மூணு வருசமா ரெண்டு உசுரக் கொன்னவன்னு நெனச்சிட்டுக் கெடக்கேன் மக்கா... நான் இல்லியா? நான் இல்ல, இல்லியா?"

பெரிய ஆள், கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். சுடர்க்கொடிக்கும் தாங்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாமல், கையால் துழாவி அவன் தலையைத் தொட்டாள். "என்னை மன்னிச்சிரு எபி" என்றாள். "விசாரணையில பேசறேன். எல்லா ஹெலிகாப்டரையும் நிறுத்தச் சொல்றேன். உன் மேல விழுந்த பழியையும் துடைச்சுட்டுத்தான் வருவேன்."

விசாரணை கோயம்புத்தூரில், கம்பெனிக் கட்டடத்திலேயே நடந்தது. மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் தளம், அதற்குக் கீழே கூட்ட அறை. குழுவின் தலைவர் பத்மநாபன், ஓய்வுபெற்ற அதிகாரி, தண்ணீர் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிற மனிதர். கைத்தாங்கலுக்குக் கற்றுக்கொடுத்த என்ஜினியர் ரித்திக் திரையருகே நின்றான். மெலிந்த பையன், இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. எபனேசர் கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கல்யாணத்துக்கு வந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

திரையில் கணக்குப்படி ஆழியாறு இறக்கம் ஓடியது. சுடர்க்கொடி குறுக்கிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. கைத்தாங்கல் அழகாக வந்து, மூக்கைத் தூக்கி, மாடி உயரத்தில் அப்படியே அந்தரத்தில் நின்று, பூப்போல இறங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர்.

"அந்தரத்துல நிக்குதேங்க, எந்த என்ஜின்ல நிக்குது?" என்று கேட்டாள் சுடர்க்கொடி.

பத்மநாபன் ரித்திக்கைப் பார்த்தார். ரித்திக் திரையைப் பார்த்தான். பின்னால் போய், மறுபடி ஓட்டி, மறுபடி பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போவது கடைசி வரிசைவரை தெரிந்தது.

"சார்... கணக்குல என்ஜின் திரும்பி வந்துடுது."

"என்னப்பா சொல்றே? செத்துப்போன என்ஜின் எப்படி வரும்?"

"பயிற்சிப் பறப்புகளை வச்சுத்தான் சார் கத்துக்குடுத்தோம், சோதிச்சதும் அதை வச்சுதான். பயிற்சியில நிஜமா என்ஜினை அணைக்க மாட்டாங்க. விசையைக் குறைச்சுட்டு, என்ஜின் போன மாதிரி இறங்குவாங்க. தரை கிட்ட வந்ததும் த்ராட்டிலைத் திறந்து, அந்தரத்துல நிறுத்தி, மறுபடி மேல போயிடுவாங்க. அதோட பயிற்சி முடிஞ்சது. அந்த இடத்துலதான் நாங்க 'வெற்றி'ன்னு குறிச்சோம்."

"தரையைத் தொடவே மாட்டாங்களா?"

"கூடாதுன்னு கம்பெனி உத்தரவு சார். ஒரு தடவை தொடப்போய் வால் ஒடிஞ்சுது. இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்கலை. அதனால கடைசி ரெண்டு விநாடி எப்படி இருக்கும்னு கைத்தாங்கலுக்குத் தெரியாது. அது தரையைப் பாத்ததே இல்ல."

சுடர்க்கொடிக்குக் கோபத்தில் கழுத்து வலிகூட மறந்துவிட்டது. "அட பாவிகளா! இதை நம்பியா மலையில இருக்கிற ஜனத்தையெல்லாம் ஏத்தினீங்க?"

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றினார். எபனேசரைத் தேடிப் பார்த்து, மெல்லிய குரலில் சொன்னார். "மிஸ்டர் எபனேசர், அப்படின்னா உங்க விஷயத்துல நாங்க சொன்ன தீர்ப்பும் தப்பா இருக்கலாம். அதை ரத்து செய்ய நான் பரிந்துரைக்கிறேன். உங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கு."

மூன்று வருடமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். சுடர்க்கொடி சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றான்.

"தம்பி, ரித்திக்கு. பயிற்சி யாருக்க பயிற்சி?"

"எல்லாரோடதையும் பதிவு பண்ணினோம் சார். ஆனா கை ஒண்ணா இருந்தாத்தான் இயந்திரம் குழம்பாம கத்துக்கும். அதனால இருக்கிறதுலயே நல்ல கையை மட்டும் வச்சுக்கிட்டோம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்க கை சார். உங்களோடது மட்டும்தான்."

"சுடருக்க கை?"

"மேடத்தோடதைத் தூக்கிப் போட்டுட்டோம் சார். அவங்க த்ராட்டிலைத் திறக்க எப்பவும் தாமதம் பண்ணுவாங்க. ரெண்டு தடவை தரையைத் தட்டிட்டாங்க. நீங்கதான் சார் அவங்களுக்கு ஃபெயில் போட்டீங்க. கைத்தாங்கல் வந்தப்புறம்தான் அவங்களை ஓட்ட விட்டாங்க."

அந்தப் பரீட்சை நாள் சுடர்க்கொடிக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டுக்கு வந்து, சத்தத்திலேயே கணவனுக்குத் தன் கோபம் புரியட்டும் என்று தட்டை ஓங்கி வைத்தாள். அந்தத் தாமதம்தான் மூன்று பேரைக் காப்பாற்றியதா? மற்ற விமானிகள் எல்லாரும் தேர்ச்சி பெற்றவர்களாயிற்றே?

எபனேசர் விடவில்லை. "எனக்க விபத்துலயும் பதிவு இருக்கும்லா. சிவப்புக் கைப்பிடிய இழுத்த பொறவு, கடைசி ரெண்டு விநாடி. அதையும் இந்தத் திரையில போடு."

"எபி, வேண்டாம்" என்றாள் சுடர்க்கொடி. ஏன் வேண்டாம் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

"போடு தம்பி."

ரித்திக் போட்டான். ஆழியாற்றில் கைத்தாங்கல் த்ராட்டிலைத் திறந்து லீவரைத் தூக்கிய கோடு நீலத்தில் இருந்தது. எபனேசரின் கோடு சிவப்பில் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. இரண்டும் ஒன்றாகப் போயின. ஓரிடத்தில்கூடப் பிரியவில்லை. இயந்திரத்தை நம்பாமல் தட்டிவிட்டு, லீவரைத் தன் கையில் வாங்கி, அதே மாடி உயரத்தில், அதே த்ராட்டிலைத் திறந்து, வராத என்ஜினுக்காக அவனும் காத்திருந்திருக்கிறான்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். எபனேசர் திரையைப் பார்த்தபடியே பேசினான்.

"இயந்திரமும் நான், மனுசனும் நான். அந்த நர்ஸ் பிள்ளையையும் தபால்காரரையும் ரெண்டு பக்கமும் நின்னு கொன்னது நான்தான். ரத்து ஒண்ணும் செய்யாண்டாம் சார். ஆனா நான் சொல்லுகத கேளுங்க. இது எனக்க கை மட்டும் இல்ல. உங்க கம்பெனியில ஓட்டுக அத்தன பேருக்கும் நான்தான் பரீட்ச வச்சேன். அத்தன கையும் இதேதான் செய்யும். எல்லாத்தயும் இன்னைக்கே நிறுத்துங்க."

சுடர்க்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயில் வந்துவிழுந்த விடுதலையைத் துப்பிவிட்டு நிற்கிறானே இந்த மனிதன்! போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. பத்மநாபன் உட்காராமலேயே படித்தார். "கைத்தாங்கல் தனக்குக் கற்பிக்கப்பட்டதைப் பிசகின்றிச் செய்திருக்கிறது. அதன் செயல்பாட்டில் கோளாறு இல்லை. கற்பித்த விமானியின் பழக்கமே இரு விபத்துகளுக்கும் காரணம். விமானியின் தவறு. இயந்திரத்துக்கு மறுபயிற்சி அளிக்கப்படும்வரை சேவை தொடரலாம்."

"தொடரலாமா?" சுடர்க்கொடி கிட்டத்தட்ட அலறினாள். "சார், அவர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்ததும்மா." அவர் குரல் உண்மையாகவே களைத்திருந்தது. "மறுபயிற்சிக்கு நிஜமா என்ஜினை அணைச்சு, நிஜமா தரையில இறக்கின பறப்பு நூத்துக்கணக்குல வேணுமாம். எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, உன்னோடது. மிச்சத்துக்கு யார் உயிரைக் குடுப்பா? அதுவரைக்கும் நிறுத்தினா, மலைப் பாதையில ஆம்புலன்ஸ்லயே சாகிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? என்ஜின் என்ன தினமுமா நிக்குது?"

ராசப்பனையே மலைப்பாதையில் கொண்டுவந்திருந்தால் பாதி வழியில் போயிருப்பார். அது சுடர்க்கொடிக்கும் தெரியும். தெரிந்ததுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் எபனேசர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இன்னைக்கு யாரு ஓட்டுகா?" என்று கேட்டான்.

"மொய்தீன்."

"கூப்பிடு. கம்பெனி நிறுத்தாட்டா போகட்டும். நாம சொல்லுவோம். ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டுச் சொல்லுவோம்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. சுடர்க்கொடி கூப்பிட்டாள். மொய்தீன் மேலே மாடியில்தான், ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்திருந்தான்.

"சுடரக்கா! கழுத்து எப்படி இருக்கு? வால்பாறைக்குக் கிளம்பிட்டேன்க்கா, பிரசவக் கேஸ், அவசரமாம்."

"மொய்தீன், நல்லாக் கேட்டுக்க. என்ஜின் நின்னுச்சுன்னா கைத்தாங்கலை நம்பாதே. மர உயரத்துல சிவப்புக் கைப்பிடியை இழுத்துரு. லைசென்ஸ் போனாப் போகட்டும். மாடி உயரத்துல நிறுத்தப் பாக்காதே. லீவரைத் தூக்காம தரைவரைக்கும் விட்டு, அப்புறம் இழு. த்ராட்டிலைத் தொடவே கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

"என்ன புரிஞ்சுது? திருப்பிச் சொல்லு."

"மர உயரத்துல சிவப்புக் கைப்பிடி. கைத்தாங்கல் போயிடும். அப்புறம் நானே மூக்கைத் தூக்கணும், மாடி உயரம் வந்ததும் த்ராட்டிலைத் திறந்து..."

"த்ராட்டில் இல்ல மொய்தீன்! திறக்கக்கூடாது! என்ஜினே இருக்காதுடா!"

"ஆமாக்கா, தெரியும். என்ஜின் இருக்காது" என்றான் மொய்தீன் மிகுந்த மரியாதையோடு. "அதனாலதான திறக்கணும்கிறேன்."

அவன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. சுடர்க்கொடி கத்துவதற்குள், கிளம்பச் சிக்னல் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டான். எபனேசர் அண்ணாந்து பார்த்தான். மாடியில் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது.